மூட்டுநோயை அளந்த வரலாறு

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதி அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. நீரிழிவின் நிலையை அறியக் குருதியிலுள்ள சர்க்கரையைக் கணக்கிடலாம். ஆனால் காலையில் கண்விழித்ததும் விரல்களை மடக்க இயலாமல் ஒரு மணி நேரம் கட்டிலிலேயே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் நோயை எதைக் கொண்டு அளப்பது? நேற்றினும் இன்று நோய் மிகுந்ததா, குறைந்ததா என்பதை எவ்வாறு அறிவது? கொடுத்த மருந்து வேலை செய்ததா, நோய் தானாகவே தணிந்ததா என்று எங்ஙனம் துணிவது?

எளியவை போலத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன. விடை கிடைக்கும்வரை எண்ணற்றோரின் கைகளும் கால்களும் மருத்துவர்களின் கண்முன்னேயே கோணிப்போயின. மருந்தே இல்லாமல் முடமானோர் பலர். மருந்து இருந்தும், அதனை எப்போது கூட்டுவது, எப்போது மாற்றுவது என்று அறியாமையால் முடமானோரும் பலர். ஆதலின் இவ்வளவையின் வரலாறு வெறும் எண்களின் வரலாறன்று. மனிதர் நடமாட்டத்தைக் காத்த முயற்சியின் வரலாறாகும்.

இங்கே குறிக்கப்படும் நோய்கள் தன்னெதிர்ப்பு நோய்கள் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராட வேண்டிய உடலின் காவற்படை, ஏதோ ஒரு பிழையால் உடலையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. அத்தாக்குதல் மூட்டுகளின் உட்சவ்வில் நிகழுமாயின் அது முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை, குருதி எனப் பலவிடத்தும் நிகழவல்லது லூப்பஸ். இந்நோய்கள் கடலலை போல் ஏறியும் இறங்கியும் வருவன. சில திங்கள் அடங்கிக் கிடக்கும். பின்னர்ச் சீறி எழும். அளப்பதற்கு இவை அரியவை ஆனதற்கு இவ்வியல்பே முதற் காரணம்.

பெயர் தேடிய காலம்

நோயை அளப்பதற்கு முன் அதனை இன்னதென்று பிரித்தறிய வேண்டும். நெடுங்காலம் மூட்டில் வரும் துன்பம் எல்லாம் ஒரே பெயரால் வழங்கிற்று. இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் சிடன்ஹாம் 1683ஆம் ஆண்டில் கௌட் என்னும் நோயைப்பற்றி ஒரு நூல் எழுதினார். நள்ளிரவில் கால் பெருவிரலில் தொடங்கும் அந்நோயின் வேதனையை அவர் அத்துணைத் துல்லியமாக எழுதியமைக்குக் காரணம் உண்டு. அவரே அந்நோயால் பல்லாண்டு வருந்தியவர்.

கௌட் செல்வர் நோய் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனின் வேறான ஒரு மூட்டுநோய் ஏழைப் பெண்களை வருத்துவதை 1800ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இளம் மருத்துவர் லாந்த்ரே போவே எடுத்துரைத்தார். சால்பெத்ரியேர் மருத்துவமனையில் தாம் கண்ட ஒன்பது பெண்களைப்பற்றி அவர் எழுதிய ஆய்வேடே இன்று முடக்குவாதம் எனப்படும் நோயின் முதற் சித்திரம் என அறிஞர் பலர் கொள்வர். ஆனால் அவர் அதனைக் கௌட்டின் ஒரு கிளையென்றே எண்ணினார்.

கிளையை மரத்தினின்று பிரித்தவர் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரெட் பேரிங் கேரட். கௌட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை அவர் 1848இல் கண்டார். பின்னர் ஓர் எளிய சோதனையையும் வகுத்தார். குருதியினின்று பிரித்த தெளிநீரில் சிறிது அமிலம் கலந்து, அதில் ஒரு நூலிழையை இட்டு வைப்பார். கௌட் நோயாளரின் குருதியாயின் அந்நூலில் யூரிக் அமிலப் படிகங்கள் கற்கண்டு போல ஒட்டிக்கொள்ளும். மற்ற மூட்டுநோயாளரின் குருதியில் படிகம் தோன்றாது. மூட்டுநோய்த் துறையில் ஆய்வுக்கூடம் ஒன்று நோயாளியின் படுக்கைக்குத் துணைநின்ற முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. படிகம் தோன்றாத அந்நோய்க்குக் கேரட் 1859ஆம் ஆண்டில் சூட்டிய பெயரே இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது.

பெயர் கிடைத்தது. ஆயினும் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கூறும் கருவி கிடைக்கவில்லை.

ஓவியரின் கைகள்

கருவி இல்லாத காலத்தின் நிலையை உணர ஒருவரின் வாழ்வை நோக்கினால் போதும். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் ரெனுவார் 1841இல் பிறந்தவர். ஐம்பது வயதையொட்டி அவரை முடக்குவாதம் பற்றியது. 1907இல் வெயில் மிகுந்த தென்பகுதியில் உள்ள கான்ய என்னும் ஊரில் நிலம் வாங்கிக் குடியேறினார். 1912 முதல் சக்கர நாற்காலியே அவருக்குக் கதியாயிற்று. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிப்போனமையால், நகமும் தூரிகையின் காம்பும் தோலைப் புண்ணாக்காதிருக்கக் கையில் துணி சுற்றப்பட்டது. பிறர் எடுத்துத் தந்த தூரிகையைப் பற்றிக்கொண்டு 1919இல் இறக்கும்வரை அவர் ஓவியம் தீட்டினார்.

அவருடைய நோயின் போக்கை அக்கால மருத்துவர் எவரும் எண்ணால் குறித்து வைக்கவில்லை. குறிக்கும் முறையே அன்று இல்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், மருத்துவ அறிஞர் சிலர் அவருடைய நிழற்படங்களையும் அவரைப்பற்றிய குறிப்புகளையும் வரிசைப்படுத்தி, எந்த ஆண்டில் எந்த மூட்டு சிதைந்தது என்று ஆராய்ந்தனர். படத்தில் அவர்கள் கண்டது சிதைவு. அதாவது நோய் செய்து முடித்த வேலை. நோய் அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அதனைக் கண்டு தடுத்தவர் இல்லை. செய்த வேலைக்கும் செய்கின்ற வேலைக்கும் உள்ள இவ்வேறுபாடே பின்வந்த வரலாறு முழுவதற்கும் திறவுகோல் ஆயிற்று.

குழாயில் இறங்கிய குருதி

செய்கின்ற வேலையைக் காட்டும் முதற் கருவி ஒரு கண்ணாடிக் குழாய். குருதியை உறையாதவாறு செய்து குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே படியும். நோயுற்றோரின் குருதியில் அவை விரைந்து படிகின்றன என்பதனைப் போலந்து நாட்டு மருத்துவர் பியர்நாட்ஸ்கி 1897இல் எழுதினார். உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1918இல் சுவீடன் நாட்டு ராபின் ஃபோரியஸ் கருவுற்ற பெண்களின் குருதியை ஆராயும்போது இதே உண்மையை மீண்டும் கண்டார். கருவுற்றதை அறியும் சோதனையாக இது பயன்படும் என்பதே அவர் முதலில் கொண்ட எண்ணம். அவர் நாட்டவரான ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921இல் காசநோயாளரிடம் இதனைப் பயன்படுத்தி, அளவை முறையை ஒழுங்குபடுத்தினார். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே கணக்கு. அவர் பெயரால் வழங்கும் அம்முறை இன்றும் மருத்துவமனைகளில் நடைபெற்று வருகிறது.

படிவு ஏன் விரைகிறது? உடலில் அழற்சி மிகும்போது ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் குருதியில் பெருகுகின்றன. அவை சிவப்பணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிய நாணயங்கள் போல ஒட்டச் செய்கின்றன. தனி நாணயத்தினும் அடுக்கு விரைந்து அமிழும். எனவே குழாயில் இறங்கும் சிவப்புக் கோடு உடலுக்குள் எரியும் நெருப்பின் நிழல் எனலாம்.

1930ஆம் ஆண்டில் மற்றொரு நிழல் கிடைத்தது. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் குருதியை ஆராய்ந்தனர். நோய்க் கிருமியின் சி என்று பெயரிடப்பட்ட பகுதியோடு சேர்ந்து படியும் ஒரு பொருளை அதில் கண்டனர். நோய் தணிந்ததும் அப்பொருளும் மறைந்தது. கல்லீரல் உண்டாக்கும் இச் சி-எதிர்வினைப் புரதம் அழற்சி எழுந்த சில மணி நேரத்திலேயே பன்மடங்கு பெருகும். தணிந்தால் விரைந்து குறையும்.

ஆனால் இவ்விரு சோதனைகளும் ஒரு குறையுடையன. அவை நெருப்பு எரிகிறது என்று கூறும். எந்த வீட்டில் எரிகிறது என்று கூறமாட்டா. சளிக் காய்ச்சலிலும் படிவு விரையும், சோகையிலும் விரையும், முதுமையிலும் விரையும். குருதி மட்டும் பேசினால் போதாது, மூட்டும் பேச வேண்டும் என்பது மெல்லத் தெளிவாயிற்று.

கார்ட்டிசோன் தந்த பாடம்

அளவையின் தேவையை உலகுக்கு உரக்க அறிவித்த நிகழ்ச்சி 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நடந்தது. மஞ்சட் காமாலை வந்தபோது முடக்குவாதம் தணிந்ததைப் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் 1929இலேயே கவனித்திருந்தார். உடலிலேயே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் நோயைத் தணிக்கிறது என்று ஐயுற்ற அவர், வேதியியலறிஞர் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்த ஒரு சுரப்புப் பொருளை 29 வயதுடைய ஒரு பெண்ணுக்கு ஊசி வழி செலுத்தினார். படுக்கையில் புரளவும் இயலாதிருந்த அப்பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. நிறுத்தாமல் பேரளவில் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு நொய்ந்தது, சர்க்கரையும் குருதி அழுத்தமும் ஏறின, தொற்றுநோய்கள் எளிதில் பற்றின. அப்போதுதான் மருத்துவர்கள் ஒரு கேள்வியை எதிர்கொண்டனர். நோயாளி நலமாயிருப்பதாகக் கூறுவது நோய் அடங்கியதாலா, மருந்து வலியை மறைத்ததாலா? எவ்வளவு நோய்க்கு எவ்வளவு மருந்து? அளவுகோல் இல்லாமல் இதற்கு விடையில்லை. வல்லமை மிக்க மருந்து ஒன்று கைக்கு வந்த பின்னரே அளவையின் அருமை விளங்கிற்று.

தொட்டு எண்ணும் முறை

1949ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஸ்டைன்புரோக்கரும் உடனுழைத்தோரும் நோயாளரை நான்கு வகுப்பாகப் பிரித்தனர். எல்லா வேலையும் செய்யக் கூடியவர் முதல் வகுப்பு. படுக்கையோ சக்கர நாற்காலியோ தவிர வேறு கதியற்றவர் நான்காம் வகுப்பு. இப்பகுப்பு எளியது, பயனுள்ளது. ஆனால் ஒரு வகுப்பினின்று மறு வகுப்புக்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு திங்களில் நேர்ந்த மாறுதலை அது காட்டாது.

1950களில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஜான் லான்ஸ்பரி வேறு வழி கண்டார். காலையில் மூட்டு விறைப்பு எத்தனை நேரம் நீடிக்கிறது, அயர்ச்சி எப்போது தொடங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை ஆஸ்பிரின் மாத்திரை தேவைப்படுகிறது, கைப்பிடியின் வலிமை எவ்வளவு, குருதிப் படிவு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றையும் எண்ணாக்கிக் கூட்டினார். குருதி அழுத்தம் பார்க்கும் பையைச் சுருட்டிச் சிறிது காற்றடைத்து, நோயாளியைப் பிடிக்கச் சொன்னால் பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்பதே கைப்பிடியின் கணக்கு. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நோயாளியின் அன்றாட வாழ்வே கருவியாயிற்று.

1968இல் கிளாஸ்கோ நகரத்தில் ரிச்சியும் உடனுழைத்தோரும் வெளியிட்ட முறை இதனினும் எளியது. மருத்துவர் மூட்டை விரலால் அழுத்துவார். வலி இல்லையெனில் சுழியம். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் 1. சொல்வதோடு முகம் சுளித்தால் 2. முகம் சுளித்து உறுப்பையும் இழுத்துக்கொண்டால் 3. இருபத்தாறு மூட்டுப் பகுதிகளுக்கும் இவ்வாறு எண் இட்டுக் கூட்டினால் மிகுதியாக 78 வரும். வாயின் சொல், முகத்தின் குறிப்பு, உடலின் அசைவு ஆகிய மூன்றையும் ஓர் எண்ணுள் அடக்கிய இம்முறையில் மருத்துவரின் கூர்ந்த நோக்கு புலனாகிறது.

நோயாளியின் சொல்லுக்கே முதலிடம் தந்த முறை ஒன்று 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினின்று வந்தது. ஜேம்ஸ் ஃப்ரைஸ் தலைமையில் உருவான அவ்வினாத்தாளில் இருபது வினாக்கள். சட்டைப் பொத்தானைத் தாமே போட இயலுமா? நிறைந்த குவளையை வாய்க்கு உயர்த்த இயலுமா? குழாயைத் திறக்கவும் மூடவும் இயலுமா? மருத்துவர் அறியாத, வீட்டார் மட்டுமே அறிந்த துன்பங்கள் அவ்வாறு மருத்துவ ஏட்டில் இடம்பெற்றன.

நைமேகன் நகரத்துக் கணக்கு

அளவுகோல்கள் பெருகின, ஆயினும் ஒற்றுமை இல்லை. ஒருவர் வீக்கத்தை எண்ணினார். மற்றொருவர் வலியை எண்ணினார். வேறொருவர் குருதியை மட்டும் நம்பினார். எதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது?

ஹாலந்து நாட்டின் நைமேகன் நகரத்தில் தேசிரே வான் டெர் ஹெய்டே முதலியோர் இவ்வினாவுக்குப் புதுமையான வழியில் விடை தேடினர். தேர்ந்த மருத்துவர் எந்த நாளில் மருந்தை மாற்றினாரோ, புதிதாகத் தொடங்கினாரோ அந்த நாளில் நோய் ஊக்கமாக இருந்தது என்று கொண்டனர். நெடுநாள் மருந்தை மாற்றாது விட்டாரெனின் நோய் அடங்கியிருந்தது என்று கொண்டனர். பின்னர் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டுவதில் எந்தெந்தக் குறிகள் எவ்வளவு துணை செய்தன என்று புள்ளியியல் முறையில் கணக்கிட்டனர். அனுபவம் மிக்க மருத்துவரின் மனத்துள் ஒளிந்திருந்த தராசை அவர்கள் வெளியே எடுத்து எல்லார்க்கும் பொதுவாக்கினர் எனலாம்.

1990இல் வெளிவந்த அக்கணக்கு 1995இல் எளிமையாக்கப்பட்டது. அதன்படி 28 மூட்டுகள் மட்டும் சோதிக்கப்படும். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, முழங்கால் இரண்டு, இரு கைகளின் விரல்களில் இருபது மூட்டுகள். அவற்றுள் எத்தனை வலிக்கின்றன, எத்தனை வீங்கியுள்ளன, குருதிப் படிவு எவ்வளவு, நோயாளி தம் நிலையை நூற்றுக்கு எவ்வளவு என மதிக்கிறார் என்னும் நான்கும் ஒரு சூத்திரத்துள் செல்லும். விடை 5.1க்கு மேற்பட்டால் நோய் கடுமையான ஊக்கத்தில் உள்ளது, 3.2க்கு மேற்படாவிடில் ஊக்கம் குறைவு, 2.6க்குக் கீழாயின் தணிந்த நிலை. ஆய்வுக்கூடமே தேவையில்லாத, கூட்டல் மட்டும் தெரிந்தால் போதுமான வேறொரு கணக்கும் 2005இல் வியன்னா நகரத்தினின்று வந்தது. குருதி முடிவுக்காகக் காத்திராமல் அப்பொழுதே முடிவெடுக்க அது உதவுகிறது.

அளவையே மருந்தானது

இவ்வெண்களால் நோயாளிக்கு உண்மையில் நன்மை உண்டா, அல்லது இவை ஆராய்ச்சியாளரின் விளையாட்டுத்தானா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அவ்வையத்தை நீக்கிய ஆய்வு 2004இல் கிளாஸ்கோவினின்று வெளிவந்தது. முடக்குவாதம் உடைய 110 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் கண்டனர். மறு பிரிவினர் திங்கள்தோறும் வந்தனர். ஒவ்வொரு முறையும் நோயின் ஊக்கம் எண்ணால் அளக்கப்பட்டது. எண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காவிடில் மருந்து கூட்டப்பட்டது. 18 திங்கள் கழித்துப் பார்த்தபோது வழக்கமான பிரிவில் 16 விழுக்காட்டினர் தணிவு நிலையை அடைந்திருந்தனர். அளந்து நடத்தப்பட்ட பிரிவில் அவ்வெண் 65 விழுக்காடு.

இதில் வியப்பு யாதெனின், இரு பிரிவினரும் பெற்றவை பழகிய பழைய மருந்துகளே. விலையுயர்ந்த புது மருந்தால் விளைந்த வெற்றியன்று அது; அளந்து, இலக்கு வைத்து, விடாது தொடர்ந்ததால் விளைந்த வெற்றி. 2010இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, இலக்கு வைத்து மருத்துவம் செய்தல் என்பதனைப் பொது நெறியாக அறிவித்தனர்.

அப்பழைய மருந்துகளுள் தலையாயதான மெத்தோட்ரெக்ஸேட்டின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மாணவராயிருந்தபோது அறுவைக் கூடத்தில் கதர் அங்கி அணிந்து ஆசிரியரின் சினத்துக்கு ஆளானவர் என்பர். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடங்களின் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் 1945இல் ஃபோலிக் அமிலம் செயற்கையில் ஆக்கப்பட்டது; பின்னர் அதனைத் தடுக்கும் மருந்துகளும் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை 1951இல் குப்னர் என்பவர் முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பயன் கண்டார். கார்ட்டிசோனின் ஆரவாரத்தில் அச்செய்தி மறக்கப்பட்டது. 1980களில் நடந்த முறையான ஆய்வுகளே அதன் இனமான மெத்தோட்ரெக்ஸேட்டை அரியணை ஏற்றின. இன்று வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் உண்போர் அதன் தீங்கைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் உண்கின்றனர். இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்து மரபில் வந்தவை. 1948இல் மறைந்த சுப்பாராவ் இதனைக் காணவில்லை.

ஓநாயின் பெயர் கொண்ட நோய்

முடக்குவாதத்தையாவது தொட்டு எண்ணலாம். லூப்பஸ் நோய் அவ்வாறன்று. லூப்பஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தோலைக் கடித்துக் குதறியது போன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பியர் இட்ட பெயர் அது. 1872இல் வியன்னாவின் கபோசி இந்நோய் தோலோடு நில்லாது உடல் முழுவதையும் தாக்கவல்லது என்று காட்டினார். 1948இல் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் என்பவர் இந்நோயாளரின் எலும்பு மச்சையில் ஒரு தனிவகை உயிரணுவைக் கண்டார். ஓர் அணு மற்றோர் அணுவின் கருவை விழுங்கி நிற்கும் காட்சி அது. உடல் தன்னையே தாக்குகிறது என்பதற்குக் கண்கண்ட சான்றாயிற்று. 1957இல் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் இந்நோயாளரின் குருதியில் இருப்பதும் கண்டறியப்பட்டது.

லூப்பஸ் ஒருவருக்குத் தோலிலும் மற்றொருவருக்குச் சிறுநீரகத்திலும் வேறொருவருக்கு மூளையிலும் எழும். இவற்றை ஒரே கோலால் அளப்பது எவ்வாறு? கனடாவின் டொரன்டோ நகரத்து அறிஞர்கள் வகுத்து 1992இல் வெளியிட்ட கணக்கில் 24 குறிகள் உள்ளன. புதிதாக எழுந்த வலிப்புக்கு 8 புள்ளி, சிறுநீரகக் குறி ஒவ்வொன்றுக்கும் 4, தோல் தடிப்புக்கு 2, காய்ச்சலுக்கு 1. பத்து நாட்களுக்குள் தோன்றியவை மட்டுமே கணக்கில் சேரும். பிரிட்டானிய அறிஞர்கள் 1988இல் வேறு முறை வகுத்தனர். உறுப்புதோறும் தனித்தனியே எழுத்தால் தரம் இட்டனர். தேர்ச்சி அறிக்கையில் கணக்குக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே இடுவது போன்றது அது. மொத்த மதிப்பெண் நன்றாயிருந்தும் ஒரு பாடத்தில் தோல்வி ஏற்படலாம் அன்றோ?

இங்கு அளவையின் மற்றொரு பயன் விளங்குகிறது. சிறுநீரகம் வலிப்பதில்லை. லூப்பஸ் அதனை அரிக்கும்போது தொடக்கத்தில் நோயாளி எதுவும் உணராதிருக்கலாம். சிறுநீரில் புரதம் கசிவதும், குருதியில் எதிர்ப்பொருள் ஏறுவதும், காம்ப்ளிமென்ட் என்னும் புரதங்கள் குறைவதும் சோதனையில்தான் தெரியும். முடக்குவாதத்தில் நோயாளியின் சொல்லைக் கேளாத மருத்துவர் தவறினார். லூப்பஸில் நோயாளியின் சொல்லை மட்டும் கேட்கும் மருத்துவரும் தவறுவார். கருவுற விரும்பும் பெண்ணுக்கு ஆறு திங்களாவது நோய் அடங்கியிருத்தல் நலம் என்று அறிவுரை கூறப்படுவதும் இவ்வளவையின் துணையாலேயே.

நெருப்பும் சாம்பலும்

நோயின் ஊக்கம் வேறு. அது விட்டுச்சென்ற சிதைவு வேறு. ஊக்கம் நெருப்பு, சிதைவு சாம்பல். நெருப்பை அணைக்கலாம், சாம்பலை மீண்டும் மரமாக்க இயலாது. விரல் கோணிய நோயாளிக்கு வீக்கமே இல்லையெனில் அவருக்கு வேண்டியது மருந்தைக் கூட்டுவதன்று. உடற்பயிற்சியும் அறுவையும் துணைக்கருவியுமே. இவ்விரண்டையும் பிரித்தறியாது மருந்தைக் கூட்டினால் நோயாளிக்குப் பயனின்றித் தீங்கே விளையும். லூப்பஸில் சிதைவை மட்டும் அளக்கும் தனிக்கணக்கு ஒன்று 1996இல் வகுக்கப்பட்டது. ஆறு திங்களாவது நீடித்த குறையே அதில் சேரும். ஒருமுறை ஏறிய புள்ளி இறங்குவதில்லை.

சிக்கல்கள் மூட்டோடு நிற்பனவும் அல்ல. நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதலிரண்டு எலும்புகளின் பிணைப்புத் தளர்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். அறுவைக்கு மயக்க மருந்து தருமுன் கழுத்தைச் சோதிப்பது அதனால்தான். கண், நுரையீரல், குருதிக் குழாய் ஆகியனவும் தாக்குறலாம். இவற்றினும் பெரிய உண்மையொன்றை 1976இல் டொரன்டோவின் யுரோவிட்ஸ் முதலியோர் வெளியிட்டனர். லூப்பஸ் நோயாளர் நோயின் தொடக்க ஆண்டுகளில் நோயின் ஊக்கத்தாலும் தொற்றாலும் இறக்கின்றனர். பல்லாண்டு கழித்து இறப்போர் பெரும்பாலும் மாரடைப்பால் இறக்கின்றனர். 35 முதல் 44 வயதுவரை உள்ள லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, அதே வயதுப் பிற பெண்களினும் ஐம்பது மடங்குக்கு மேல் என 1997இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. எரியும் அழற்சி குருதிக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே மூட்டுநோயாளியின் குருதி அழுத்தத்தையும் கொழுப்பையும் புகைபிடிக்கும் வழக்கத்தையும் கேட்டறிவது இன்று அளவையின் ஒரு பகுதி.

மருந்தால் வரும் சிக்கலும் எண்ணப்பட வேண்டியதே. 1990களில் இலண்டனில் ஃபெல்ட்மான், மைனி இருவரும் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் முறையைக் கண்டு பல்லாயிரவரை எழுந்து நடக்கச் செய்தனர். ஆனால் உடலில் உறங்கிக் கிடந்த காசநோய் அம்மருந்தால் விழித்தெழுவதை 2001இல் வெளிவந்த ஆய்வு அறிவித்தது. அதன்பின் மருந்து தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயமாயிற்று. காசம் இன்னும் ஒழியாத ஆசிய நாடுகளுக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

எண்ணின் எல்லை

இத்துணைப் பயன் தந்த எண்களுக்கும் எல்லை உண்டு. 28 மூட்டுகளின் கணக்கில் பாதங்கள் இல்லை. கையெல்லாம் நலமாகி, நடக்கும்போது பாதம் மட்டும் வலிக்கும் நோயாளி கணக்கின்படி தணிவு நிலையில் இருப்பவராவார். சில புது மருந்துகள் கல்லீரல் சி-எதிர்வினைப் புரதத்தை உண்டாக்குவதையே நிறுத்திவிடுகின்றன. அப்போது எண் இறங்குவது நோய் இறங்கியதால்தானா என்று வேறு வழியில் உறுதி செய்ய வேண்டும். லூப்பஸிலோ நோய் சீறும்போதும் அப்புரதம் பெரிதும் ஏறாதிருப்பதுண்டு. மிகவும் ஏறினால் தொற்றுநோயைத் தேட வேண்டும். அயர்ச்சியோ எக்கணக்கிலும் முழுமையாக அடங்குவதில்லை.

ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவனை முழுதும் அறிந்துவிட்டதாக எந்த நல்லாசிரியரும் எண்ணுவதில்லை. அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று கூறுவதும் இல்லை. தேர்வு முறையாக நடந்து, முந்திய மதிப்பெண்ணோடு ஒப்பிடப்பட்டு, தளர்ந்த இடத்தில் உடனே துணை தரப்படுமாயின் அது மாணவனுக்கு நன்மை. மூட்டுநோயின் அளவையும் அத்தகையதே. வலியைச் சொல்லும் வாய், தொட்டுணரும் விரல், குழாயில் இறங்கும் குருதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்போதுதான் உண்மை புலப்படுகிறது.

ரெனுவாரின் கையில் துணி சுற்றியவர்கள் அன்புடையவர்களே. அவரைக் கண்ட மருத்துவரும் இரக்கமற்றவர் அல்லர். நோய் எவ்விடத்தில், எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்பதை அவர்கள் அறிய வழியில்லை. இன்று வழி உண்டு. காலை விறைப்பு நாள்தோறும் நீடிப்பதையும் சிறு மூட்டுகள் வீங்குவதையும் வாய்வு என்று ஒதுக்காமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் கடமை. கேட்டு, தொட்டு, எண்ணி, மீண்டும் எண்ணிப் பார்ப்பது மருத்துவரின் கடமை. இருவரும் தத்தம் கடமையைச் செய்தால் கோணாத விரல்கள் பல இனி எழுதும், சமைக்கும், குழந்தையைத் தூக்கும்.